சத்தி, வயிற்றோட்டம், வயிற்றுக்குத்து: முதலில் பிள்ளையின் வயதைச் சொல்லுங்கள்

இரவு பத்து மணிக்குப் பிறகு திருகோணமலையில் எங்கள் பாலையூற்று வீட்டின் படலையை யாராவது தட்டினால், அநேகமாக ஒரு பிள்ளையின் வயிறுதான் காரணமாக இருக்கும். சிறுவர் வாட்டில் நெடுங்காலம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அக்கம்பக்கத்துத் தாய்மாருக்கு இன்னும் "மிஸ்"தான். "மிஸ், பின்னேரத்திலிருந்து பத்துத் தரம் போயிட்டான்" என்று பதறிக்கொண்டு வருவார்கள். நான் இரண்டு கேள்விகள் திருப்பிக் கேட்பேன். பிள்ளைக்கு எத்தனை மாதம்? கடைசியாக எப்போது சலம் போனது?

மூன்று வாரக் குழந்தையின் சத்தி ஒரு நோய், எட்டு மாதப் பிள்ளையின் சத்தி வேறு நோய், ஆறு வயதுப் பிள்ளையினது இன்னொன்று. வயதைச் சொல்லாமல் மருந்துக்கடையில் பாணி மருந்து வாங்குவதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது. மற்றப் பாதி, எத்தனை தரம் மலம் போனது என்று எண்ணிக்கொண்டு சலத்தைக் கவனிக்காமல் விடுவதால் வருகிறது.

வீட்டில் எதைப் பார்ப்பது, எதுவரை பொறுப்பது, எப்போது கிளம்புவது என்பதைக் குறி குறியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பிள்ளைக்குரிய தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் வாசித்துவிட்டுப் போங்கள்.

## எந்தக் குறியானாலும் முதல் இரண்டு நிமிடம்

பிள்ளையை நல்ல வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து மடியில் வைத்து, உடுப்பைக் கழற்றுங்கள். மங்கலான விளக்கில் மஞ்சளும் தெரியாது, வெளிறலும் தெரியாது.

கண் குழிந்திருக்கிறதா? அழும்போது கண்ணீர் வருகிறதா? கழுவிய விரலை வாய்க்குள் வைத்தால் ஈரமாக இருக்கிறதா, ஒட்டுகிறதா? ஒன்றரை வயதுக்குக் கீழ் என்றால் உச்சிக்குழி குழிந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அழாத நேரத்தில், நிமிர்த்திப் பிடித்துப் பார்க்க வேண்டும். பிறகு தொப்புளுக்குப் பக்கத்தில் தோலைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மடித்துத் தூக்கி விடுங்கள். உடனே படிந்தால் நல்லது. மெல்லப் படிந்தால் உடம்பில் நீர் குறைந்துவிட்டது. இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பு அப்படியே நின்றால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை, வைத்தியசாலைதான்.

சலம் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். தண்ணி போலப் போகிற பிள்ளைக்குப் பம்பஸ் கட்டியிருந்தால் அதில் இருப்பது மலமா சலமா என்று தெரியாது. பம்பஸின் முன்பக்கம், சலம் படுகிற இடத்தில், மடித்த வெள்ளைத் துணித்துண்டு ஒன்றை வையுங்கள். அரை மணிக்கு ஒருதரம் எடுத்துப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக நனைந்திருந்தால் பிள்ளை தாங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆறு மணித்தியாலம், பெரிய பிள்ளைக்கு எட்டு மணித்தியாலம் துணி காய்ந்தே கிடந்தால் கிளம்ப வேண்டும்.

எந்த வயதிலும், எந்த நேரத்திலும், காத்திருக்கக் கூடாதவை: பச்சை நிறச் சத்தி, தட்டினாலும் சரியாக விழிக்காத மயக்கம், வலிப்பு, எதைக் கொடுத்தாலும் குடிக்க முடியாமை, வயிறு இறுகி உப்பியிருத்தல், சத்தியில் இரத்தம். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தாலும் இதே கணக்குத்தான். இவற்றில் ஒன்று இருந்தால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

## சத்தி, ஆனால் வயிற்றோட்டம் இல்லை

### பிறந்ததிலிருந்து மூன்று மாதம் வரை

பால் குடித்ததும் கடைவாயால் கொஞ்சம் வழிகிறது, பிள்ளை சிரிக்கிறது, நிறையும் கூடுகிறது என்றால் அது வெறும் கக்கல். குடித்தபின் இருபது முப்பது நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்து ஏவறை விட வையுங்கள். போத்தல் பால் என்றால் அளவு கூடிவிட்டதா என்று பாருங்கள். நான்கு மாதம் வரை கூடி, பிறகு குறைந்து, ஒன்று ஒன்றரை வயதுக்குள் அநேகமாக நின்றுவிடும். கிளினிக் கொப்பியில் நிறைக்கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தால் மருந்து தேவையில்லை.

கக்கல் நாளுக்கு நாள் பலமாகி, ஒவ்வொரு பாலுக்குப் பிறகும் ஒரு முழம் தள்ளிப் பீச்சி அடிக்கிறது, எடுத்த கையோடு பிள்ளை மறுபடி பசித்து அழுகிறது என்றால் இரைப்பையின் வாசல் தடித்து அடைபட்டிருக்கலாம். இரண்டு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் வருவது. ஆண்பிள்ளைகளில், அதிலும் தலைப்பிள்ளையில், அதிகம். ஸ்கேன் செய்து கண்டுபிடித்து, சத்திரசிகிச்சையால் முழுமையாகச் சரிசெய்யலாம். பால்மாவை மாற்றி மாற்றிப் பார்த்து வாரக்கணக்கை வீணாக்காதீர்கள்.

பச்சைச் சத்தி என்றால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். மணிக்கணக்கில் குடல் கெட்டுப்போகும். "விடியட்டும்" என்ற சொல் இந்த இடத்தில் வாயில் வரவே கூடாது.

### மூன்று மாதம் தொடக்கம் ஐந்து வயது வரை

அநேகமாக வைரசு. முதல் நாள் சத்தி, அடுத்த நாள் வயிற்றோட்டம் என்று மாறும். சத்தி எடுத்தபின் பத்து நிமிடம் வயிற்றுக்கு ஓய்வு கொடுங்கள். பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி ஜீவனி (பக்கற்றில் வருகிற, தண்ணியில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கும் உப்பு-சீனி மருந்து). தாகத்தில் பிள்ளை குவளையைப் பறிக்கும், முழுவதையும் குடிக்கக் கேட்கும். கொடுத்தால் அத்தனையும் திரும்பி வெளியே வந்துவிடும்.

சத்தியோடு வயிற்றோட்டம் இல்லாமல் காய்ச்சல் மட்டும் இருந்தால் காது, தொண்டை, சலம் மூன்றையும் ஒரு வைத்தியர் பார்க்க வேண்டும். சலத்தில் கிருமி இருக்கும் சின்னப் பிள்ளைக்குச் சத்தியைத் தவிர வேறு குறியே இல்லாமலும் போகலாம்.

### பள்ளிக்கூடம் போகிற வயது

தேர்முட்டியில் வாங்கிய அச்சாறு, ஐஸ்பழம், வெயிலில் வைத்த சோற்றுப் பார்சல் என்று காரணத்தைப் பிள்ளையே சொல்லிவிடும். ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் இருந்தால் சந்தேகமே இல்லை. ஒரு நாளில் அடங்கும்.

அடங்காமல், பிள்ளை சில வாரமாகத் தண்ணி தண்ணி என்று குடித்து, இரவில் அடிக்கடி எழும்பிச் சலம் போய், மெலிந்துமிருந்தால் உடனே இரத்தச் சீனியைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுவர் நீரிழிவு சிலவேளை வயிற்றுக்குத்தாகவும் சத்தியாகவும் வாசலுக்கு வரும். மூச்சு ஆழமாக இழுத்துக்கொண்டிருந்தால் அது அவசர நிலை. தலைவலியோடு காலையில் எழும்பியதும் சத்தி, நாட்கணக்கில், என்றாலும் வயிற்று மருந்தைத் தள்ளி வைத்துவிட்டு வைத்தியரிடம் போங்கள்.

## தண்ணி போல வயிற்றோட்டம்

தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை நாளுக்கு எட்டு, பத்துத் தரம்கூட மஞ்சளாக, திரிதிரியாகப் போகும். அது நோய் இல்லை. வழக்கத்தைவிடத் தண்ணியாக, 24 மணித்தியாலத்தில் மூன்று தரமோ அதற்கு மேலோ போனால்தான் வயிற்றோட்டம்.

காரணங்களை இலேசானதிலிருந்து சொல்கிறேன். இனிப்பு ஜூஸ் பக்கற் அளவுக்கு மீறியிருக்கலாம். வேறு நோய்க்குக் கொடுத்த அன்ரிபயோற்றிக் காரணமாக இருக்கலாம். மருந்தைத் தானாக நிறுத்தாமல் கொடுத்தவரிடம் கேளுங்கள். ஐந்து வயதுக்குக் கீழ் மிகப் பொதுவானது வைரசு, ஐந்து ஏழு நாளில் தானாக ஓயும். மார்கழி மழையில் கிணறு நிரம்பி மலசலகூடக் குழித் தண்ணியோடு கலந்துவிடும் காலத்தில் ஒரே ஒழுங்கையில் நாலு வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் கிணற்றைச் சந்தேகப்படுங்கள்; கொதிக்க வைத்து ஆறிய தண்ணியைத் தவிர வேறொன்றும் வேண்டாம், பகுதிச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வேறு கவலை. அந்தச் சூட்டில் வியர்வையாலும் நீர் போகும், அதனால் அதே நாலு தர வயிற்றோட்டம் பிள்ளையைச் சீக்கிரமாக வாட்டிவிடும்.

### ஜீவனி கரைப்பதில் நடக்கிற பிழை

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகமாகத் திருத்திய பிழை இதுதான்.

ஒரு நாள் அன்புவழிபுரத்திலிருந்து ஒரு தாய் பத்து மாதப் பிள்ளையோடு வந்தாள். "காலையிலிருந்து ஜீவனிதான் மிஸ் குடுக்கிறன், ஆனா இன்னும் தாகமா அழுகிறான்" என்றாள். போத்தலைக் காட்டச் சொன்னேன். 240 மில்லிலீற்றர் பால் போத்தல். "இதுக்குள்ள எவ்வளவு போட்டனீங்க மகள்?" "ஒரு பக்கற் முழுசா." ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தேன், கடல் தண்ணியாகக் கரித்தது. ஒரு லீற்றருக்கான உப்பு கால் லீற்றருக்குள் போயிருக்கிறது. பிள்ளையின் உடம்பு நீரைச் சேர்ப்பதற்குப் பதிலாக உப்பைச் சேர்த்துக்கொண்டிருந்தது. அவனை அப்போதே வைத்தியசாலைக்கு அனுப்பினேன். நல்லபடியாகத் திரும்பி வந்தான். நல்ல மருந்தே அளவு பிழைத்தால் வலிப்பு வரை கொண்டுபோய்விடும். அந்தத் தாய் செய்ததில் அலட்சியம் எதுவும் இல்லை, அளவை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆகவே: பக்கற்றின் மேல் எழுதியிருக்கிற அளவை வாசியுங்கள். ஒரு லீற்றர் என்றால், ஒரு லீற்றர் தண்ணிப் போத்தலைக் கழுவி, கொதித்து ஆறிய தண்ணியைக் கழுத்துவரை அளந்து, முழுப் பக்கற்றையும் கரையுங்கள். பாதிப் பக்கற், கண்மட்டத்தில் ஒரு கிளாஸ் என்று வேண்டாம். சீனி, பால், சோடா எதுவும் சேர்க்க வேண்டாம். கரைத்தபின் கொதிக்க வைக்க வேண்டாம். கரைத்த நேரத்தைப் போத்தலில் எழுதி ஒட்டி, 24 மணித்தியாலம் ஆனதும் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

அளவு இப்படி. இரண்டு வயதுக்குக் கீழ், ஒவ்வொரு தரம் போனபின்னும் 50 முதல் 100 மில்லிலீற்றர். அதற்கு மேல் 100 முதல் 200. கண் குழிந்து, தோல் மெல்லப் படிகிற பிள்ளைக்குக் கிலோவுக்கு 75 மில்லிலீற்றர் வீதம் நான்கு மணித்தியாலத்தில் போக வேண்டும். பத்துக் கிலோப் பிள்ளைக்கு 750. வாட்டில் பார்த்துக்கொண்டுதான் கொடுப்போம். வீட்டிலிருந்து கிளம்பும்போதே தொடங்கிவிட்டால் பாதி வேலை வழியிலேயே முடிந்திருக்கும்.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள். வெறும் தண்ணி வேண்டாம், ஜீவனி கரண்டியால் கொடுக்கலாம். ஆனால் இந்த வயதில் வயிற்றோட்டம் என்றால் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

### சாப்பாடும் மருந்தும்

"வயிற்றைக் காயப் போட்டால் நிற்கும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் அன்பினால் சொல்வது, ஆனால் பட்டினி போட்டால் குடல் ஆறுவது பிந்தும். உப்புப் போட்ட சோற்றுக் கஞ்சி, குழைத்த சோறும் பருப்பும், வாழைப்பழம், இடியப்பம், கொஞ்சம் தயிர், பிள்ளை ஏற்றுக்கொள்கிற எதுவானாலும் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். சோடாவும் குளுக்கோஸ் தண்ணியும் இனிப்பினால் வயிற்றோட்டத்தைக் கூட்டும். இளநீர் கொடுக்கலாம், ஆனால் ஜீவனிக்குப் பதில் ஆகாது. அதில் உப்புச் சத்துப் போதாது.

சிங்க் மருந்தை வைத்தியர் எழுதித் தந்தால் வயிற்றோட்டம் நின்றபின்னும் சொன்ன நாட்கள் முடியும் வரை கொடுங்கள். ஆறு மாதத்துக்குக் கீழ் நாளுக்கு 10 மில்லிகிராம், மேல் 20, பத்து முதல் பதினான்கு நாள்.

பெரியவர்கள் பயணத்தில் போடுகிற, வயிற்றோட்டத்தை நிறுத்தும் லோபெரமைட் குளிசையைப் பிள்ளைக்கு உடைத்துக் கொடுக்கவே வேண்டாம். ஒரு மருந்துக்கடையில் இரண்டு வயதுப் பிள்ளைக்கு அரைக் குளிசை கொடுத்துவிட்டதையும், அந்த வயிறு உப்பி மூச்சுத் திணறியதையும் நான் கண்ணால் பார்த்தவள். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

### எப்போது வைத்தியசாலை

சலம் மேலே சொன்ன நேரத்துக்குப் போகவில்லை, கரண்டியால் கொடுப்பதும் தங்கவில்லை, பிள்ளை சோர்ந்து விளையாட்டை விட்டுவிட்டது, அல்லது மணிக்கு மூன்று நாலு தரம் பெருந்தண்ணியாகப் போகிறது என்றால் இனி வீட்டில் வைத்திருக்க வேண்டாம். 14 நாள் கடந்தும் நிற்காவிட்டால் பிள்ளை தெம்பாக இருந்தாலும் காட்ட வேண்டும். புளித்த வாடையோடு நுரைத்துப் போய், பின்பக்கம் சிவந்து வெந்திருந்தால், நோய்க்குப் பிறகு பாலின் சீனியைச் செமிக்க முடியாமல் கொஞ்சக் காலம் இருக்கலாம். அதை வைத்தியர் சொல்லட்டும், நீங்களாகப் பாலை நிறுத்த வேண்டாம்.

## மலத்தில் இரத்தம்

முதலில் இரத்தம்தானா என்று பாருங்கள். பீட்ரூட் சாப்பிட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடுச்சாமத்தில் ஓடி வந்தவர்கள் உண்டு. இரும்புச்சத்துப் பாணி குடிக்கிற பிள்ளைக்குக் கறுப்பாகப் போகும். பிறந்து முதல் இரண்டு மூன்று நாள் கரும்பச்சையாகப் போவதும் இயல்பு.

இறுகிய மலத்தின் மேல் பளிச்சென்ற சிவப்புக் கோடு, போகும்போது அழுகை: ஆசனவாய் வெடிப்பு. கீழே "மலம் இறுகல்" பகுதியைப் பாருங்கள்.

சில மாதக் குழந்தை, நன்றாகக் குடித்து விளையாடுகிறது, மலத்தில் சளியும் இரத்த நூலும்: மாட்டுப்பால் ஒவ்வாமை இருக்கலாம், தாய் குடிக்கிற பாலின் வழியாகக்கூட. அவசரம் இல்லை, ஆனால் கிளினிக்கில் காட்ட வேண்டும்.

காய்ச்சல், முக்கி முக்கிச் சிறிது சிறிதாகச் சளியும் இரத்தமும்: வயிற்றுளைவு. இதற்கு அன்ரிபயோற்றிக் தேவைப்படும், அன்றைக்கே வைத்தியர். பக்கத்து வீட்டில் மிச்சம் கிடந்த மருந்து உதவாது.

விட்டு விட்டு வீரிட்டு அழுகிற குழந்தையின் பம்பஸில் செந்நிற ஜெலி போல இருந்தால், வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். காரணம் அடுத்த பகுதியில்.

## குழந்தை விட்டு விட்டு வீரிட்டு அழுகிறது

இரண்டு விதமான அழுகை. கேட்டுப் பழகினால் வேறுபாடு தெரியும்.

முதலாவது, பிறந்து இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கி, ஆறு வாரமளவில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் ஓய்வது. பின்னேரம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தொடங்கும். முகம் சிவந்து, முட்டியை மடக்கி, இரண்டு மூன்று மணித்தியாலம். மற்ற நேரமெல்லாம் நன்றாகக் குடிக்கும், நிறையும் கூடும். மாந்தம் என்பார்கள், நாவூறு என்பார்கள். தோளில் போட்டு நடவுங்கள், தாய் களைத்தால் அப்பம்மாவோ சித்தியோ வாங்கிக்கொள்ளட்டும். நாவூறு பார்ப்பது அந்த வீட்டு மனத்துக்கு ஆறுதல் என்றால் நான் தடுக்கமாட்டேன். வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதும், ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பதும் மட்டும் வேண்டவே வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய கிருமி விதை சிறு குழந்தையின் தசைகளையே செயலற்றுப் போகச் செய்யும்.

இரண்டாவது, அநேகமாக மூன்று மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள், கூடுதலாக ஐந்து முதல் பத்து மாதப் பிள்ளையில் வருவது. பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருதரம் திடீரென்று வீரிடும், கால்களை வயிற்றோடு மடக்கும், முகம் வெளிறும். சில நிமிடத்தில் ஓய்ந்து துவண்டு கிடக்கும். தாய் "நித்திரையாயிட்டான்" என்று நினைப்பாள். மறுபடி வீரிடும். இது குடலின் ஒரு துண்டு மற்றதற்குள் செருகிக்கொள்வது. செந்நிற ஜெலி போன்ற மலம் பிந்தித்தான் வரும், அதற்காகக் காத்திருக்கக் கூடாது. நேரத்தோடு போனால் பல பிள்ளைகளுக்கு ஆசனவாய் வழியாகக் காற்றைச் செலுத்தியே குடலை விடுவித்துவிடுவார்கள், வெட்ட வேண்டியதில்லை. பிந்தினால் வெட்டித்தான் ஆக வேண்டும். வலி வருகிற நேரங்களைக் கடிகாரம் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு முறை ஒரே மாதிரி வந்தால் மூன்றாவதுக்குக் காத்திருக்க வேண்டாம். வழியில் எதுவும் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

அழுகிற ஆண்குழந்தையின் கவட்டையும் விதைப்பையையும் பார்க்க மறக்க வேண்டாம். அழுத்தினாலும் உள்ளே போகாத இறுகிய வீக்கம் இருந்தால் குடல் இறங்கிச் சிக்கியிருக்கிறது.

## பெரிய பிள்ளைக்கு வயிற்றுக்குத்து

"எங்கே குத்துது, ஒரு விரலால் காட்டு" என்று கேளுங்கள். உள்ளங்கையைத் தொப்புளில் வைத்து வட்டமாகத் தடவினால் அநேகமாகப் பயமில்லை. தொப்புளிலிருந்து தள்ளி ஒரே புள்ளியைக் காட்டினால் கவனம் தேவை.

முதலில் மலச்சிக்கலைப் பாருங்கள்; நான் பார்த்த பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றுக்குத்தில் பெரும்பங்கு அதுதான். பெண்பிள்ளைக்குச் சலம் எரிகிறதா, காய்ச்சல் இருக்கிறதா? பள்ளி நாள் காலையில் மட்டும் வந்து, சனி ஞாயிறில் வராத வலியைப் பொய் என்று சொல்லி அடிக்காதீர்கள். வலி உண்மை. வகுப்பில் என்ன நடக்கிறது என்று மெல்லக் கேளுங்கள்.

குடல்வால் அழற்சி தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணித்தியாலத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். பசி போய்விடும். பிள்ளை குனிந்து நடக்கும். ஒற்றைக்காலில் ஒரு துள்ளல் துள்ளச் சொல்லுங்கள். மறுத்தாலோ, துள்ளி வயிற்றைப் பிடித்தாலோ, அன்றிரவே வைத்தியசாலை. ஐந்து வயதுக்குக் கீழ் இந்தக் குறிகள் தெளிவாகத் தெரியாது, அதற்குள் வெடித்துவிடுவதும் உண்டு. "வயிறு கழுவட்டும்" என்று விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ இந்த வலிக்குக் கொடுப்பது பெரிய ஆபத்து.

ஆண்பிள்ளை வெட்கத்தில் வயிறு என்பான், வலிப்பது விதையாக இருக்கும். கேளுங்கள், பாருங்கள். விதை முறுக்கியிருந்தால் ஆறு மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை வேண்டும்.

நித்திரையிலிருந்து எழுப்புகிற வலி, மெலிவு, திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல் இருந்தால் நாள் கடத்தாமல் சிறுவர் வைத்தியரிடம் காட்டுங்கள்.

## காய்ச்சலோடு வயிற்றுக்குத்தும் சத்தியும்

2017இல் கிண்ணியாவை டெங்கு உலுக்கியதை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. வயிற்று நோய் என்று நினைத்து வைத்திருந்தது டெங்குவாக இருக்கலாம். காய்ச்சல் மூன்றாவது நாளைத் தொட்டால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல் விட்டதும் "சுகம்" என்று நினைக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். அப்போது வயிற்றுக்குத்து, ஓயாத சத்தி, குளிர்ந்த கை கால், சலம் குறைவு, சோர்வு எது வந்தாலும் ஓடுங்கள். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், நிறைக்கேற்ற அளவில். ஐபுபுரூபன், டைக்ளோபெனாக், அஸ்பிரின் வேண்டாம். சிவப்பு, கபில நிறக் குடிபானம் கொடுத்தால் சத்தியில் இரத்தமா என்று பிறகு தெரியாது, தவிர்த்துவிடுங்கள்.

## மலம் இறுகல், உள்ளாடையில் கறை

பிறந்த குழந்தை 48 மணித்தியாலத்துக்குள் முதல் மலம் போகவில்லை என்றால் வீட்டுக்குக் கொண்டுவரும் முன்னரே சொல்லுங்கள். பிறவியிலேயே குடலில் கோளாறு இருக்கலாம். தாய்ப்பால் குழந்தை ஒரு கிழமை போகாமல் இருந்து, போகும்போது இளக்கமாகப் போனால் ஒன்றுமில்லை. வெற்றிலைக் காம்பும் சவர்க்காரத் துண்டும் ஆசனவாயில் வைப்பதை விட்டுவிடுங்கள்.

ஒன்றரை வயதுக்குப் பிறகு காரணம் அநேகமாகப் பால்மா. காலையில் ஒரு போத்தல், பள்ளி விட்டு வந்து ஒன்று, நித்திரைக்கு ஒன்று, இடையில் அழுதால் இன்னொன்று. வயிறு பாலால் நிறைந்த பிள்ளை சோறும் கீரையும் எங்கே சாப்பிடும்? நாளுக்கு 500 மில்லிலீற்றருக்குள் குறையுங்கள். பப்பாசிப்பழம், கீரை, தண்ணி கூட்டுங்கள். சாப்பிட்டபின் ஐந்து பத்து நிமிடம், காலுக்குக் கீழே ஒரு பலகை வைத்து, திட்டாமல் உட்கார வையுங்கள்.

கதவுக்குப் பின்னால் போய்க் கால்களைப் பின்னிக்கொண்டு நுனிவிரலில் நிற்கிற பிள்ளையைத் தாய் "முக்குகிறான்" என்பாள். அவன் அடக்குகிறான். ஒருமுறை வலித்த பயம். பள்ளிக்கூட மலசலகூடத்துக்குப் போகப் பிடிக்காத பிள்ளையும் இப்படித்தான் அடக்கும். நாளடைவில் உள்ளே கல்லாகி, அதைச் சுற்றித் தண்ணி மட்டும் கசிந்து உள்ளாடை அழுக்காகும். வயிற்றோட்டம் என்று நினைத்து அதற்கு மருந்து கொடுத்தால் மேலும் இறுகும். வேண்டுமென்றே செய்கிறான் என்று அடிவாங்கிய பிள்ளைகளைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்குப் போவதே தெரியாது. இதற்கு லக்ரியுலோஸ் போன்ற மருந்து மாதக்கணக்கில் வேண்டும், வைத்தியர் சொல்லும் வரை நிறுத்தக் கூடாது.

## மஞ்சள் கண், வெளிறிய மலம்

இரண்டு கிழமைக்குப் பிறகும் குழந்தையின் கண் மஞ்சளாக இருந்தால் இளவெயிலில் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம். மலம் அரிசிமா நிறத்தில் வெளிறி, சலம் துணியில் கடும் மஞ்சளாகப் படிந்தால் பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். 60 நாளுக்குள் சத்திரசிகிச்சை செய்தால்தான் ஈரலைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். மலத்தைக் கைபேசியில் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துக் குடும்பநல மாதுவிடம் காட்டுங்கள்.

பெரிய பிள்ளைக்கு மஞ்சள், பசியின்மை, தேத்தண்ணி நிறச் சலம் வந்தால் இரத்தம் பரிசோதிக்க வேண்டும். கீழாநெல்லியோ வேறு மருந்தோ கொடுத்திருந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

## இரவில் பின்பக்க அரிப்பு

பிள்ளை நித்திரையாகி இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்து டோர்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை நூல் போல, ஒரு சென்ரிமீற்றர் அளவில் நெளிந்தால் கீரிப்பூச்சி. பூச்சி மருந்து வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில், இரண்டு கிழமை கழித்து மறுபடியும். இரண்டு வயதுக்குக் கீழும், கர்ப்பிணிக்கும் வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம். நகம் வெட்டி, படுக்கைத் துணியை வெயிலில் போடுங்கள்.

## கிளம்பும்போது

கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும் வரை அந்தக் கரையிலிருந்து பிள்ளைகள் துறையைக் கடந்துதான் வந்தார்கள், மூதூரிலிருந்து லோஞ்சில். துறையிலேயே நேரம் போய்விடும். இப்போது வண்டி நேரே வரும். இருந்தும் வாட்டில் "நேற்றே வந்திருக்கலாமே" என்று சொல்ல வேண்டியிருந்தது. மூதூர், கிண்ணியாவில் இருப்பவர்கள் பக்கத்து ஆதார வைத்தியசாலைக்கு முதலில் போங்கள், தேவையானால் அங்கிருந்து அனுப்புவார்கள்.

கிளினிக் கொப்பி, இதுவரை கொடுத்த எல்லா மருந்துப் போத்தலும், கடைசியாகப் போன பம்பஸ் ஒரு பையில் கட்டி. வாசலில் வைத்தியர் கேட்கும் முன் நீங்களே சொல்லுங்கள்: வயது, நிறை, கடைசிச் சலம் எத்தனை மணிக்கு, சத்தி என்ன நிறம். பச்சைச் சத்தியோ, உப்பிய வயிறோ, மயக்கமோ, விட்டு விட்டு வீரிடும் அழுகையோ, குடல்வால், விதைச் சந்தேகமோ இல்லாத பிள்ளை என்றால், குவளையும் கரண்டியும் கையில் இருக்கட்டும். ஓட்டோவில் போகும்போதும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி.